மூன்று வயதுப் பிள்ளையை எங்கே விடுவது: அங்கன்வாடியா, டவுன் நர்சரியா, மாண்டிசோரியா, அப்பாயி (அப்பாவின் அம்மா) வீடா?

மேட்டூரில் தண்ணீர் திறக்கிற ஜூன் மாதத்தில்தான் எங்கள் பக்கம் பள்ளிக்கூட வேன்களும் ஓட ஆரம்பிக்கும். நாற்றங்கால் வேலைக்கு நடுவே போன் அடிக்கும். "அக்கா, பாப்பாவுக்கு மூணு முடியப்போவுது, எங்க சேக்கலாம்?" நான் பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். எட்டு வருஷம் ஒரு தனியார் நர்சரியில் எல்.கே.ஜி. டீச்சர். மூத்தவளை அங்கேயே சேர்த்தேன், இளையவனை ஊர் அங்கன்வாடியில் விட்டேன். இரண்டையும் பார்த்தவள் என்பதால் கேட்கிறார்கள்.

இந்த வருஷம் கேட்டவர் வலங்கைமான் பக்கத்துப் பெண். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், மாமியாருக்கு முட்டி வலி, வீட்டில் இரண்டு கறவை மாடு, ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். அங்கன்வாடி வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர்தான். ஆனால் தெருப்பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் காலை எட்டு மணி வேனில் டவுனுக்குப் போகிறார்கள். மாமியார் "பால்வாடியில போட்டா ஊரு என்ன பேசும்" என்கிறாராம். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது, அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது

சேர்க்கைக்குப் போகிறவர்கள் முதலில் ஃபீஸ் கேட்பார்கள், அடுத்து இங்கிலீஷ் மீடியமா என்று கேட்பார்கள், அடுத்து எத்தனை புத்தகம் என்று. மூன்று வயதுக்கு நான் கேட்கச் சொல்வது வேறு: ஆண்டு விழாவும் மாறுவேடப் போட்டியும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என் பிள்ளை கையால் என்ன செய்யும், வாயால் என்ன பேசும்? மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

கையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழுசாக உருவாகியிருக்காது, பாதிக்குமேல் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அதனால்தான் பிள்ளை பென்சிலை உலக்கை பிடிக்கிற மாதிரி முஷ்டியால் பிடிக்கிறது. அந்தக் கைக்கு அப்போது வேண்டியது பிசைவது, கிள்ளுவது, கோர்ப்பது, ஊற்றுவது, கிழிப்பது. இதையெல்லாம் ஒரு வருஷம் ஆசை தீரச் செய்த பிள்ளைக்கு அப்புறம் பென்சில் தானாகப் பிடிபடும். நான் டீச்சராக இருந்தபோது புள்ளி வைத்த 'ஏ' மேல் முப்பது பிள்ளைகளின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்து ஓட்டியிருக்கிறேன். நோட்டைத் திறந்த அம்மாக்களுக்குச் சந்தோஷம். ஆனால் அதில் எழுதியது என் கைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது ஆள் கணக்கு. 2013இல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்றிலிருந்து ஆறு வயது வரை இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர், மூன்றுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்கிறது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும் என்பதும் அதில் இருக்கிறது. போகிற இடத்தில் தலையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. கும்பகோணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2004 ஜூலை 16ஆம் தேதி, அங்கே ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ கூரைக் கொட்டகைக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அன்றைக்கு ஊரே தெருவில் நின்றது. அதனால் எங்கே போனாலும் நான் பார்ப்பது: அடுப்பு எங்கே எரிகிறது, பிள்ளைகள் தரைத்தளத்தில் இருக்கிறார்களா, வெளியே வர இரண்டு வழி இருக்கிறதா, மாடிப்படி எவ்வளவு அகலம். டெல்டாவில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர். கேட்டைத் தாண்டினால் வாய்க்காலா, குளமா, மூடாத தொட்டி ஏதும் இருக்கிறதா? ஆடியில் வாய்க்கால் நிறைய ஓடும்போது மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கழுத்துக்கு மேலே.

தூரம், மறைமுகச் செலவு, உங்கள் வீட்டு வேலைப் பருவம், இந்த மூன்றையும் ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊர் அங்கன்வாடி

1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வருவது இது. தமிழ்நாட்டில் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன, ஆகவே டெல்டாவில் நடந்து போகிற தூரத்தில் ஒன்று இல்லாத ஊர் குறைவு. காசு கிடையாது. மதியச் சாப்பாடு, முட்டை, சத்துமாவு, எடையும் உயரமும் பார்ப்பது, தடுப்பூசிக்கு ஞாபகப்படுத்துவது எல்லாம் அங்கேயே. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டமும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள் வைத்து பாட்டு, கதை, விளையாட்டு என்று போகும். நடத்துகிற டீச்சர் கையில் கிடைத்தால் நல்ல பாடத்திட்டம்.

என் பையன் அங்கே சேர்ந்த இரண்டாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஜன்னல் ஓரம் நின்றேன். முட்டை போடும் நாள். ஆயா அவித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "நீயே உரி தம்பி, ஆயா பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று நகர்ந்துவிட்டார். பையன் அதைத் தரையில் ஒரு முறை தட்டினான், சரியாகத் தட்டத் தெரியாமல் இன்னொரு முறை தட்டினான். ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தது. நகத்தால் ஒரு சில்லு, பிறகு இன்னொரு சில்லு. வெள்ளைத் தோல் இழுபட்டபோது நாக்கைக் கடித்துக்கொண்டான். பக்கத்துப் பெண் பிள்ளை, "இங்கேருந்து உரி, ஈசியா வரும்" என்று மழுங்கிய பக்கத்தைக் காட்டினாள். உரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும், முட்டை பாதிதான் முழுசாக இருந்தது. டவுன் பள்ளியில் மூத்தவளுக்கு நான் டிபன் பாக்ஸில் உரித்து, நாலாய் வெட்டி, ஸ்பூன் வைத்து அனுப்பினேன். விரல் பழக்கம், பொறுமை, பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்வது என்று அந்தக் கால் மணி நேரத்தில் நடந்தது எந்த ஒர்க்ஷீட்டிலும் நடக்காது.

சரி, குறைகளும் இருக்கின்றன, மறைக்கக் கூடாது. எல்லாமே ஒரு டீச்சரையும் ஓர் ஆயாவையும் நம்பி ஓடுகிறது. அந்த டீச்சருக்குக் கர்ப்பிணிகள் பட்டியல், எடைப் பதிவேடு, போனில் தினமும் ஏற்ற வேண்டிய கணக்கு, பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலை, பக்கத்து ஊர் மையத்தில் ஆளில்லை என்றால் அதற்கும் கூடுதல் பொறுப்பு. அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். மாதத்தில் எத்தனை நாள் டீச்சர் மையத்தில் இருக்கிறார் என்று ஏற்கெனவே பிள்ளை விடும் அம்மாக்களிடம் கேளுங்கள், அவர்கள் சரியாகச் சொல்வார்கள். கட்டடம் தாழ்வான இடத்தில் இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் தண்ணீர் நிற்கும், கழிப்பறை பயன்படாது. காசு செலவில்லை என்றாலும் உங்கள் நேரம் செலவாகும். இங்கிலீஷ் எழுத்தை வீட்டில்தான் காட்ட வேண்டும், டீச்சரோடு பேசிப் பழகி மையத்துக்கு ஒரு பாய், நாலு பந்து, உடையாத பாத்திரம் என்று ஊரார் சேர்ந்து வாங்கித் தர வேண்டியிருக்கும்.

நாலு வயதுக்கு மேல் என்றால் ஒன்று விசாரியுங்கள். 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். உங்கள் பக்கத்தில் அது நடக்கிறதா, அதற்கென்று தனியாக டீச்சர் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

அங்கன்வாடி யாருக்குச் சரி? மூன்று வயது, நடந்து போகும் தூரம், டீச்சர் ஒழுங்காக வருகிறார், அம்மா நடவுக்கோ களைக்கோ போக வேண்டியிருக்கிறது. இது நாலும் பொருந்தினால் நான் வேறு எதையும் யோசிக்க மாட்டேன்.

டவுன் நர்சரி

இதைப் பற்றி எனக்குக் கோபம் கிடையாது, எட்டு வருஷம் அதில் சோறு சாப்பிட்டவள். நேரம் தவறாமல் நடக்கும், யூனிஃபார்ம், ஒழுங்கு, இங்கிலீஷ் காதில் விழும். அதே பள்ளியில் ஐந்தாவது, பத்தாவது வரை போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு இடம் உறுதியாகும். இதெல்லாம் உண்மையான நன்மை.

நான் கவலைப்படுவது வேனை நினைத்து. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு வேன் நேராகப் போகாது, ஆறேழு ஊர் சுற்றி ஏற்றிக்கொண்டு போகும். என் மூத்தவள் தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி உட்கார்ந்திருந்தாள். வகுப்பே மூன்று மணி நேரம்தான். மதியம் வீட்டுக்கு வரும்போது தூங்கிச் சரிந்திருப்பாள், எழுப்பினால் அழுவாள், சாயங்காலம் ஹோம்வொர்க் வேறு. விளையாட மிச்சம் என்ன இருந்தது?

செலவையும் சொல்லிவிடுகிறேன், சில வருஷம் முன்பு எங்கள் வீட்டில் எழுதி வைத்த கணக்கு இது. சேர்க்கும்போது சொன்ன ஃபீஸ் 22,000. வேன் மாதம் 900, பதினொரு மாதத்துக்கு 9,900. புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ 5,500. ஆண்டு விழா டிரெஸ், போட்டோ, கலர் டே என்று 1,500. மொத்தம் 38,900. ஏறக்குறைய 17,000 ரூபாய் முதலில் யாரும் வாயால் சொல்லாத பணம். இன்றைக்கு எல்லாமே கூடியிருக்கும். அதனால் போகும்போதே, "ஃபீஸ் தவிர வருஷத்துக்கு வேற என்னென்ன கட்டணும் சார்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையினர் பள்ளி அல்லாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. எல்.கே.ஜி.யிலேயே இதைக் கேட்கலாம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்ற தூரக் கணக்கு இருப்பதால் டவுனுக்குள் குடியிருப்பவர்களுக்கு இது நல்ல வழி, கிராமத்திலிருந்து டவுன் பள்ளிக்குக் கேட்பவர்களுக்கு இடிக்கும். இடம் கிடைத்தாலும் வேன் காசு உங்களுடையதுதான். அதே சட்டத்தின்படி சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது. நாலு வயதுப் பிள்ளையை 'இன்டர்வியூ' என்று உட்கார வைத்தால் தைரியமாகக் கேளுங்கள்.

நீங்கள் டவுனிலேயே இருக்கிறீர்கள், பள்ளி பத்து நிமிஷம், வகுப்பில் இருபது, இருபத்தைந்து பேர், அக்காவோ அண்ணனோ அங்கேயே படிக்கிறார்கள் என்றால் இதுதான் நல்லது. கிராமத்திலிருந்து மூன்று வயதில் வேன் ஏற்றுவதை மட்டும் ஒரு வருஷமாவது தள்ளிப் போடச் சொல்வேன்.

மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில், வேலைக்குப் போகும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த முறை இது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலம் முழுக்க இந்தியாவில்தான் இருந்தார். அப்படி ஏழைப் பிள்ளைகளுக்காக வந்த முறை இன்றைக்கு நம் பக்கம் தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரி டவுன்களில், அதுவும் கூடுதல் ஃபீஸில்தான் கிடைக்கிறது என்பது எனக்கு ஆதங்கம்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் போட்டுக்கொள்ளலாம், தடை கிடையாது. உண்மையா என்று பார்க்க எளிய வழி: மூன்று, நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா? பொருட்கள் பிள்ளை எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, இல்லை கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா? இடையில் மணி அடித்துக் கலைக்காமல் ஒரே வேலையில் ஒரு பிள்ளை அரை மணி இருக்க விடுகிறார்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த இடம் அருமை. தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, பித்தளை துலக்குவது என்று வீட்டில் நடக்கும் வேலையைத்தான் அங்கே பாடமாக வைத்திருப்பார்கள்.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. இங்கிருந்து வழக்கமான ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது முதல் சில மாதம் பிள்ளை திணறும், வரிசையில் உட்கார்ந்து போர்டைப் பார்த்து எழுதுவது அதற்குப் புதிது.

அப்பாயி வீடு, இன்னும் ஒரு வருஷம்

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. என் மாமியார் என் மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது திண்ணையில்தான். அரிசியும் மூன்று பழைய அளவைகளும் முன்னால். "ரெண்டு ஆழாக்கு ஊத்து, ஒழக்கு நெறையுதா? ரெண்டு ஒழக்கு ஊத்து, உரி நெறையுதா?" அவள் ஊற்றுவாள், சிந்துவாள், பொறுக்குவாள், மறுபடி ஊற்றுவாள். பாதி, முழுசு, இரட்டிப்பு எல்லாம் சொல்லே தெரியாமல் கைக்கு வந்துவிட்டது. துவரையில் கிடக்கும் கல் பொறுக்குவது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது, வாய்க்கால் வண்டலில் அடுப்பும் சட்டியும் செய்வது, கன்றுக்குப் புல் போடுவது. அங்கே கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் நாள் முழுக்க இருக்கிறது.

ஆனால் இதற்கும் விலை உண்டு. அப்பாயிக்கு முட்டி வலி என்றால் பதினோரு மணிக்குப் பிள்ளை கையில் போன் வந்துவிடும், அப்புறம் மேலே சொன்ன எதுவும் நடக்காது. தெருவில் சம வயதுப் பிள்ளை இல்லாவிட்டால் பங்கு போடுவதும் சண்டை போட்டுச் சேர்வதும் பழகாது. குறுவை நடவு, அறுவடை நாளில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும்.

மூன்று இன்னும் முடியவில்லை, வீட்டில் கைக்குழந்தை புதிதாக வந்திருக்கிறது, அடிக்கடி சளி, காய்ச்சல் என்றால் தயங்காமல் இதைச் செய்யலாம். ஜூனில் விட்டால் வருஷம் போச்சு என்று பயப்பட வேண்டாம். நம் பக்கம் விஜயதசமிக்கும் சேர்ப்பார்கள். கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் நெல்லில் 'அ' எழுத வைத்துவிட்டு மறுநாள் பள்ளியில் விடுகிற குடும்பங்கள் எத்தனையோ.

ஒரே பார்வையில்

| | செவ்வாய்க்கிழமை காலை | பயணம் | தெரியாமல் வரும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| அங்கன்வாடி | விளையாட்டு, பாட்டு, தானே சாப்பிடுவது. டீச்சர் இல்லாத நாள் வெறுமை | நடை | உங்கள் நேரம் | 3 வயது, கிராமம், வேலைக்குப் போகும் அம்மா |
| டவுன் நர்சரி | எழுத்து, ரைம்ஸ், நோட்டு | வேன் | ஃபீஸுக்கு மேல் கிட்டத்தட்ட முக்கால் பங்கு வரை | டவுனில் குடியிருப்பவர்கள், 4 வயதுக்கு மேல் |
| மாண்டிசோரி | கைவேலை, தானே தேர்ந்த வேலை | பெரும்பாலும் தூரம் | ஃபீஸ், ஒன்றாம் வகுப்பில் திணறல் | பக்கத்தில் உண்மையான ஒன்று இருப்பவர்கள் |
| அப்பாயி வீடு | வீட்டு வேலையே பாடம் | இல்லை | போன், தனிமை, பெரியவர்களின் களைப்பு | 3 முடியாதவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள் |

வலங்கைமான் பெண்ணுக்கு நான் எழுதியது இதுதான்: இது பத்தாவது வரைக்கான முடிவு இல்லை, ஒரு வருஷத்துக்கான முடிவு. முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, சொல்லாமல், அங்கன்வாடிக்குப் போய் அரை மணி நில்லுங்கள். அடுத்த செவ்வாய் டவுன் பள்ளிக்குப் போங்கள், உள்ளே வகுப்பைப் பார்க்கவே விடமாட்டோம் என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் வேன் காசில் மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்குங்கள், ராத்திரி சிங்கப்பூரிலிருந்து அப்பா வீடியோ காலில் வரும்போது அவரையே படிக்கச் சொல்லுங்கள். நாலரை வயதில் மறுபடி உட்கார்ந்து யோசிக்கலாம்.

போன வாரம் பேசினார். அங்கன்வாடியில் விட்டிருக்கிறார். முதல் நாலு நாள் அழுகை. ஐந்தாம் நாள் மாமியார்தான் முட்டி வலியோடு கொண்டுபோய் விட்டிருக்கிறார், டீச்சர் அவரை உட்கார வைத்து, "ஒரு கதை சொல்லுங்க பெரியம்மா" என்று கேட்டாராம். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவரும் போய்ப் பாயில் உட்கார்ந்து கதை சொல்கிறார்.